துப்பாக்கியை விற்பவர்கள் சூளையைப் பற்றி ஏன் பேசுவதில்லை?

"பவுடர் கோட்டிங் இனி உங்கள் வீட்டிலேயே!" என்றொரு விளம்பரம் சில மாதங்களாக முகநூலில் என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் துளைபோடும் கருவியைப் போன்ற ஒரு துப்பாக்கி, நான்கு பொலித்தீன் பைகளில் நான்கு நிறத் தூள், ஒரு சோடிக் கையுறை. போதாததற்கு இலவச இணைப்பாக, கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் அணிந்து திரிந்த நீல நிறத் துணிக்கவசம் ஒன்று. துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் பாகம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அடுத்த கணமே அது கறுப்புக் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு வருகிறது. இரண்டு காட்சிகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை மட்டும் காட்டுவதில்லை.

நான் பொறியியலாளன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகங்களில் தூசியும் மையும் தின்றவன். ஓய்வு நாட்களில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டுவது என் பொழுதுபோக்கு. ஆனால் விளம்பரம் எது, தகவல் எது என்று பிரித்தறிவதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. விளம்பரம் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதைவிட, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பதே என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். இந்த விளம்பரம் சொல்லாமல் விடும் பொருள் சூளை. இவ்வேலைக்கு முதலில் தெரிவு செய்ய வேண்டியதும் அதுதான். வீட்டுக்குக் கேடு கொண்டுவரக்கூடியதும் அதுதான்.

இந்த மோகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வண்டி வராத நாட்டில், இருந்ததைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. வழி திறந்த பின்னரும், வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுத் தலைசுற்றியவர்கள், பழையதையே பூசி மினுக்குவது மேல் என்று திரும்பிவிட்டார்கள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைவோரின் வயதைப் பாருங்கள், பாதிப்பேர் இளைஞர்கள். இது எனக்கு மகிழ்ச்சி தருவதே. எறிவதைவிடத் திருத்துவது நல்லது. அந்த நல்ல ஆசையைத்தான் பெட்டிக்காரர்கள் காசாக்குகிறார்கள் என்பதே என் ஆத்திரம்.

அறியாதவர்களுக்காக வேலையின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ற்றில் நிறப்பொருளைக் கரைப்பானில் கலக்கிப் பூசுகிறோம்; கரைப்பான் பறந்துபோக நிறம் தங்குகிறது. பவுடர் கோட்டிங்கில் கரைப்பானே இல்லை. பிசினும் நிறமும் கலந்த உலர்ந்த தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து, புவித்தொடுப்புச் செய்யப்பட்ட உலோகத்தின்மீது தூவுகிறார்கள். தூள் ஈக்கூட்டம்போல ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படியே எடுத்து, பெரும்பாலான தூள்களுக்கு 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் வைத்தால், தூள் உருகி, பரவி, இரசாயன முறையில் இறுகி ஒரே தோலாகிவிடும். தடிப்பு வழமையாக 60 முதல் 80 மைக்ரோன். ஜேர்மனியரான எர்வின் கெம்மர் என்பவர் 1950களின் தொடக்கத்தில், சூடாக்கிய உலோகத்தைத் தூள் தொட்டியில் அமிழ்த்தும் முறையை உருவாக்கினார். மின்னேற்றித் தூவும் முறை 1960களில் தொழிற்சாலைகளுக்கு வந்தது. எங்கள் வீடுகளின் அலுமினிய யன்னல் சட்டங்களில் இருப்பது பெரும்பாலும் இதே பூச்சுத்தான். நல்ல பூச்சு. துருவைத் தடுக்கும், எளிதில் கீறல் விழாது.

ஆக, வேலை மூன்று பங்குடையது: துப்புரவு, தூவல், சுடுதல். துப்பாக்கி நடுப்பங்குக்கு மட்டுமே உரியது. மூன்றிலும் இலகுவானதும் அதுவே. அப்படியிருக்க, துப்பாக்கியை வாங்கினால் பவுடர் கோட்டிங் செய்யலாம் என்பது, அகப்பையை வாங்கினால் சோறு வெந்துவிடும் என்பதற்கு ஒப்பானது.

விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு ஒருநாள் அழைப்பெடுத்தேன். விற்பவரின் பெயர் வேண்டாம். இளைஞர், மரியாதையாகப் பேசினார். பாகத்தை எதில் சுடுவது என்று கேட்டேன்.

"வீட்டு ஓவனிலையே வைக்கலாம் ஐயா. ஒண்டும் பயமில்லை."

"அதில் சாப்பாடு செய்கிறார்களே, தம்பி?"

"பிறகு ஒருக்கா ஈரத்துணியாலை துடைச்சிட்டாச் சரி ஐயா."

இந்தத் தூள் எந்த வகை, எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் என்று கேட்டேன். "கேக் சுடுற மாதிரித்தான்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த ஒப்பீட்டில்தான் ஆபத்தே இருக்கிறது. கேக்குக்கு 180 பாகை, தூளுக்கு 200 பாகை. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு. சமையலறையில் ஏற்கெனவே ஒரு ஓவன் நிற்கிறது. அது 230 பாகை வரை போகும். பிறகென்ன? கணவன்மார் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைத் திறக்கிறார்கள். எங்கள் ஊர்களில் அந்த ஓவன் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் வீட்டிலிருந்தே பிறந்தநாள் கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுடைய ஓவனின் உட்சுவரில் தூள் படியும், சூட்டிழைகளில் எரியும், பிசின் உருகும்போது எழும் ஆவி சுவரில் ஒட்டும். துணியால் துடைத்து அகற்றக்கூடிய அழுக்கு அன்று அது. அடுத்த முறை ஓவன் சூடாகும்போது, ஒட்டியிருந்தது பிள்ளையின் கேக்குக்குப் பக்கத்தில் மீண்டும் ஆவியாகும். தூள் தயாரிக்கும் நிறுவனங்களும் துப்பாக்கி தயாரிக்கும் நிறுவனங்களும் தங்கள் கையேடுகளில் ஒரே குரலில் எச்சரிப்பது இதைத்தான்: பூச்சுக்குப் பயன்படுத்திய ஓவனில் அதற்குப் பின்னர் ஒருபோதும் உணவு வைக்காதீர்கள். பொலித்தீன் பையில் பிரித்துக் கட்டி விற்பவர் அந்தக் கையேட்டைப் பெட்டிக்குள் வைப்பதில்லை.

ஆகவே என் முதல் கட்சி இதுதான். தனியான ஒரு மின் ஓவன் உங்களிடம் இல்லையென்றால், துப்பாக்கி வாங்காதீர்கள். பழைய ஓவன் ஒன்று மலிவாகக் கிடைக்கும், புதியது தேவையில்லை. ஆனால் அது சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில், தூள் தூவும் இடத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். எரிவாயு ஓவன் வேண்டவே வேண்டாம். காற்றில் மிதக்கும் தூள் எரியக்கூடியது; திறந்த சுவாலையும் அதுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாகாது. 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்ததை நாம் இன்னும் மறந்திருக்க முடியாது. அதற்குக் காரணம் வேறு, பாடம் ஒன்றே.

ஓவனின் அளவுதான் உங்கள் வேலையின் அளவு. எந்தப் பாகம் அதற்குள் எங்கும் முட்டாமல் தொங்குமோ அந்தப் பாகத்தை மட்டுமே நீங்கள் பூசலாம். தொங்கினால் மட்டும் போதாது. பாகத்துக்கும் சூட்டிழைக்கும் இடையில் கையகலமாவது வெளியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகும். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனுக்குள் பற்றரித் தட்டும் தாங்கிகளும் போகும், மோட்டார் சைக்கிளின் சட்டகம் போகாது. இதைத் தெரிந்துகொள்ள அளவுநாடா ஒன்று போதும். பெட்டி வாங்கிய பின்னர் அளந்து பார்த்து, சட்டகத்தை ஊதுவிளக்கால் சூடாக்கலாமா என்று இணையத்தில் கேட்பவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அளக்கச் சொல்ல வேண்டிய ஆள் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று: ஓவனின் முகப்பில் 200 என்று காட்டுவது காற்றின் சூட்டை. தூள் இறுகுவது உலோகத்தின் சூட்டில். மெல்லிய தகடு ஒன்று சில நிமிடங்களில் அச்சூட்டை எட்டிவிடும், தடித்த வார்ப்பு ஒன்று அரைமணி நேரம்கூட எடுக்கலாம். நிமிடக்கணக்கு தொடங்க வேண்டியது உலோகம் சூட்டை எட்டிய பின்னரே. இதை அறியாதவர் தடித்த பாகத்தை அரைவேக்காட்டில் எடுத்துவிடுவார். மினுக்கத்தில் குறையிராது, முதல் கல் தெறித்ததும் உரியும். ஆதலால் தொடக்கக்காரர் துப்பாக்கிக்கு முன்னரே வாங்க வேண்டிய சிறு பொருள், உலோகத்தோடு தொடுத்து வைக்கக்கூடிய வெப்ப இணைக்கம்பி கொண்ட ஒரு வெப்பமானி. நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்த்தோமே, அந்தக் கருவி உடற்சூட்டோடு நின்றுவிடும், இதற்கு உதவாது. தொழிற்பட்டறைக்குரிய ஒளிக்கற்றை வெப்பமானிகூட மினுங்கும் வெற்று உலோகத்தில் பொய்க்கணக்குக் காட்டும்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகள் பெரும்பாலானவற்றின் இணைப்பு 30 அம்பியர். 3 கிலோவாற் ஓவன் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 13 அம்பியர் இழுக்கும். அதே நேரத்தில் கொம்பிரசர் ஒன்று, நீர் இறைக்கும் மோட்டர் ஒன்று, மின்னழுத்தி ஒன்று என்று சேர்ந்தால் என்னவாகும் என்பதை வீட்டு மின்வேலைக்காரரிடம் கேளுங்கள். ஐந்து அம்பியர் வட்டமுள் குமிழில் மாற்றியைச் செருகி ஓவன் இயக்குவது தீயை விருந்துக்கு அழைப்பது. (நடுவில் மின்சாரம் போய்விட்டால்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதாக அமைச்சரே விளக்கம் தந்த தேசம் இது. பயப்பட வேண்டாம், பாகத்தை உள்ளேயே விட்டு, மின்சாரம் வந்ததும் மீண்டும் சூடாக்கி முழுநேரம் சுடலாம்.)

எங்கள் தமிழில் பாண் சுடும் சூளைக்குப் போறணை என்று பெயர். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று. எந்தப் போறணைக்காரராவது தன் போறணைக்குள் பெயின்ற் தகரத்தைத் தள்ளிவிட்டு மறுநாள் அதிலேயே பாண் சுடுவாரா? அவருக்குத் தெரிந்த இந்த எளிய விடயம், நான்கு பல்கலைக்கழகப் பட்டங்கள் தொங்கும் வீடுகளில் தெரியாமற்போவது எப்படி?

சரி, இனித் தூள். பொலித்தீன் பையின்மீது எழுதியிருப்பது நிறத்தின் பெயர் மட்டுமே. "கறுப்பு மினுக்கம்." பூச்சுத் தூளில் பல சாதிகள் உண்டு. எப்பொக்சி வகை கடினமானது, எண்ணெயையும் இரசாயனத்தையும் தாங்கும், ஆனால் வெயிலில் நின்றால் சுண்ணாம்புபோல வெளிறிப்போகும். வெளியில் நிற்கும் வண்டிக்குப் பொலியெஸ்டர் வகை வேண்டும். இரண்டும் கலந்த கலப்பினம் வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கானது. எங்கள் வெயிலை நான் உங்களுக்கு வருணிக்க வேண்டியதில்லை. பையில் வகை எழுதப்படாவிட்டால், நீங்கள் வாங்குவது ஆறு மாத அழகா ஆறு வருட அழகா என்று தெரியாமலே காசு கொடுக்கிறீர்கள்.

இதிலும் பாரதூரமானது ஒன்றுண்டு. பொலியெஸ்டர் தூள்களை இறுகச் செய்வதற்கு டி.ஜி.ஐ.சி. என்ற சேர்மத்தைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. மரபணுக்களில் பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதனை வகைப்படுத்தியிருக்கிறது. 2012இல் மிகுந்த கவனத்துக்குரிய பொருட்களின் பட்டியலிலும் அதனைச் சேர்த்தது. அது இல்லாத பொலியெஸ்டர் தூள்களும் தாராளமாகச் சந்தையில் உள்ளன. விற்பவரிடம் கேட்டால் தெரியவேண்டும். கேட்டேன். "அப்பிடியெண்டா என்ன ஐயா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தத் தூளுக்குத்தான் அந்த நீலத் துணிக்கவசம் இலவசம்! மைக்ரோன் கணக்கிலான தூளை அது தடுக்காது. கன்னத்தோடு இறுகப் பொருந்தும், பி100 அல்லது அதற்கு ஈடான வடிகட்டி கொண்ட சுவாசக்கவசம் வேண்டும். அதன் விலை துப்பாக்கி விலையில் ஒரு சிறு பங்குதான். எனினும் பெட்டியில் அது இல்லை, ஏனென்றால் அது விளம்பரப் படத்தில் அழகாக இராது.

நுகர்வோரைப் பாதுகாப்பதற்கென்று இந்த நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரிசி மூட்டையில் விலை எழுதவில்லையென்று கடைக்காரரைப் பிடிக்கிறார்கள், நல்லது. பெயரில்லாத இரசாயனத் தூள் வீட்டு வாசலுக்குக் கூரியரில் வந்து இறங்குகிறது. தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை ஒரு வரி எச்சரிக்கை. மும்மொழிக் கொள்கையைப் பற்றிப் பேசிப்பேசிக் களைத்த எனக்கு, மூன்று மொழிகளிலும் சமமாக ஒன்றுமே எழுதாத இந்தப் பை ஒருவகையில் சமத்துவத்தின் சின்னமாகத் தெரிந்தது.

அடுத்தது புவித்தொடுப்பு. தூள் ஓடிப்போய் ஒட்டுவதற்குப் பாகம் நிலத்தோடு மின்வழியில் இணைந்திருக்க வேண்டும். இணைப்பின் தடை ஒரு மெகாஓமுக்கு மேற்படலாகாது என்பது தொழிற்சாலை விதி. பாகத்தைத் தொங்கவிடும் கொக்கியில் முந்திய வேலையின் பூச்சு படிந்திருந்தால் இணைப்பு அறுந்துவிடும். அப்போது தூள் ஒட்டாது என்பது சிறிய தீங்கு. இணைப்பற்ற பாகத்தில் மின்னேற்றம் சேர்ந்து, மிதக்கும் தூளுக்கு நடுவே பொறியாகப் பாய்வது பெரிய தீங்கு. கோடையில் மண் காய்ந்தால் வீட்டின் புவித்தண்டின் தடையும் கூடும். வயரிங்கையும் ட்ரிப் சுவிட்ச்சையும் பரிசோதிப்பதற்கு மின்வேலைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கும் கூலியும் இந்தப் பொழுதுபோக்கின் செலவுதான். சிந்திய தூளை வீட்டுத் தூசி உறிஞ்சியால் இழுக்காதீர்கள், அதன் மோட்டரும் பொறி கக்கும்.

துப்புரவுக்கு வருவோம். துருவுக்கும் பழைய பெயின்ற்றுக்கும் மேல் பூசிய தூள், பழைய பெயின்ற்றோடு சேர்ந்தே விழும். எண்ணெய் நீக்கி, வெற்று உலோகம் தெரியும்வரை உராய்த்து எடுக்க வேண்டும். இங்கேதான் கொம்பிரசர் குழப்பம் வருகிறது. துப்பாக்கிக்குத் தேவையான காற்றழுத்தம் மிகக் குறைவு. தொடக்கக்காரருக்கான துப்பாக்கிகள் பல ஒரு சதுர அங்குலத்துக்கு 5 முதல் 8 இறாத்தல் அழுத்தத்தில் வேலை செய்யும். சில்லுக்குக் காற்றடிக்கும் சிறிய கொம்பிரசரே அதற்குப் போதும். மணல்வீச்சுக்கு அது கால்தூசிக்கும் காணாது. அதற்குப் பெருங்காற்றுத் தொடர்ந்து வேண்டும். இரண்டுக்குமாக ஒரு நடுத்தரக் கொம்பிரசர் வாங்குபவர் ஒன்றில் வீண் செலவும் மற்றதில் ஏமாற்றமும் அடைவார். சிறியதை வாங்குங்கள். வீச்சு வேலையைப் பட்டறையில் கொடுத்துச் செய்வியுங்கள். மிச்சப்படும் பணத்தில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை வாங்குங்கள். எங்கள் கரையோரக் காற்றில் அது இல்லாவிட்டால் தூள் கட்டிபட்டுத் துப்பாக்கி இருமும்.

மணல் என்றதும் ஆற்றுமணலையும் கடல்மணலையும் அள்ளிக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு சொல். அந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். உடைந்து பறக்கும் அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். வார்ப்புகளையும் ஏனைய பொருட்களையும் மணலால் வீசிச் சுத்தம் செய்வதை 1949ஆம் ஆண்டின் விதிகளிலேயே பிரித்தானியா தடை செய்துவிட்டது. கார்னெட், அலுமினிய ஒக்சைட் போன்றவை அதற்கென்றே விற்கப்படுகின்றன. மணலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெள்ளை நிறத் தூளுக்கு வெண்மை தருவது தைத்தானியம் ஈரொட்சைட்டு. அதன் மூலக்கனியமான இல்மனைற்றும் ரூட்டைலும் எங்கள் புல்மோட்டைக் கரையில் குவிந்து கிடப்பவை. அள்ளிக் கப்பலேற்றுகிறோம். எவனோ பதப்படுத்தி, நிறமாக்கி, பையிலடைத்து அனுப்ப, பெயர்கூடக் கேட்காமல் வாங்குகிறோம். இது வேறு கட்டுரைக்குரிய கோபம், விடுகிறேன்.

கடைசியாகத்தான் துப்பாக்கி. "ஒரு இலட்சம் வோல்ற்!" என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். மின்னழுத்தம் பெரிதானாலும் மின்னோட்டம் மிகச் சிறியது. (இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் கிட்டவும் போகக்கூடாது.) அமெரிக்காவின் ஈஸ்ட்வுட் நிறுவனம் வீட்டுப் பாவனைக்கு விற்கும் துப்பாக்கி 15,000, 25,000 வோல்ற் என்ற இரண்டு நிலைகளில் இயங்குவது. பலர் அதிலேயே பழகினார்கள். அழுத்தம் கூடினால் நல்லது என்பதும் பொய். உள்மூலைகளுக்குள் தூள் புகாமல் விளிம்பிலேயே ஒட்டிக்கொள்ளும் தொல்லை அழுத்தம் கூடக் கூடும். ஆகவே பார்க்க வேண்டியது பெரிய எண்ணை அல்ல, அழுத்தத்தைக் குறைக்கும் வசதியை. உராய்வினால் மின்னேற்றும் இன்னொரு வகையும் உண்டு. அது உள்மூலைக்கு நல்லது, ஆனால் எல்லாத் தூளுக்கும் இணங்காது. தொடக்கக்காரருக்கு வேண்டாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் துப்பாக்கி 120 வோல்ற்றுக்கானது. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் முதல் நாளே கடைசி நாள். உதிரித் தூள்கோப்பைகள் தனியாகக் கிடைக்கின்றனவா, புவித்தொடுப்புக் கவ்வி உறுதியாக இருக்கிறதா, பழுதானால் யார் திருத்துவார் என்று கேளுங்கள். அவ்வளவே. ஓவனுக்குக் கொடுத்த யோசனையில் பத்திலொரு பங்கு போதும்.

எதைப் பூசுவது? தாங்கிகள், பற்றரித் தட்டு, கால்மிதி, சங்கிலி மூடி. எதைப் பூசக்கூடாது? அலோய் சில்லுகளைத்தான் எல்லோரும் முதலில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவற்றைத் தொடாதீர்கள். வார்ப்பு அலுமினியச் சில்லுகள் பலவற்றின் வலிமை, தொழிற்சாலையில் 150 பாகையை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் பதப்படுத்திப் பெற்றது. தொழிற்சாலையும் அவற்றைப் பூசிச் சுடுகிறது. அளந்து, கணக்கிட்டுச் சுடுகிறது. முகப்பு எண்ணை நம்பி 200இல் இரண்டு தடவை, மூன்று தடவை என்று நீங்கள் சுட்டால் அந்த வலிமையில் எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் உங்களுக்கு எழுதித்தர மாட்டார்கள். நட்டு அமரும் இடத்தில் தடித்த பூச்சு இருந்தால் அது நசிந்து நட்டு இளகும் என்பது இன்னொன்று. ஷொக் அப்சோபரை முழுதாக ஓவனில் வைத்தால் அடைபட்ட எண்ணெயும் வாயுவும் வெடிக்கலாம். தடுப்புத் தொகுதியின் பாகங்கள் எதுவும் வேண்டாம். பழைய எஞ்சின் மூடிகள் எண்ணெய் குடித்தவை. பூசுமுன் வெறுமையாகவே ஒருமுறை சுட்டு அந்த எண்ணெயைக் கக்க வைக்காவிட்டால் பூச்சு அம்மைத் தழும்பாகும்.

இவ்வளவையும் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓட்டின ஆக்கள் நாங்கள். இதுக்கெல்லாமா பயப்படுவது?" நல்ல கேள்வி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியதை நானும் அறிவேன். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதையும் அறிவேன். அந்தக் கைத்திறனை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அன்று நோயாளியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியிருக்கவில்லை. புகை கக்கியது என்று தெரிந்தே, எஞ்சின் கெடும் என்று தெரிந்தே ஓட்டினோம். இன்று பற்றரித் தட்டு மினுங்குவதற்காகப் பிள்ளையின் கேக் ஓவனை எடுப்பதற்கு அந்தக் காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவது, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையன்று.

ஆண்டுக்கு இரண்டு மூன்று பாகங்கள்தான் உங்கள் தேவையென்றால், யன்னல் சட்டத்துக்குப் பூசும் பட்டறைகளில் கொடுங்கள். அவர்களிடம் பெரிய சூளை இருக்கிறது. அன்றைக்கு ஓடும் நிறத்தோடு உங்கள் பாகத்தையும் தொங்கவிடச் சொன்னால் செலவும் குறையும். மாதந்தோறும் பூசும் ஆர்வமும் தனி இடமும் உள்ளவர்கள் மட்டும் மேற்சொன்ன ஒழுங்கில் வாங்கட்டும்.

அப்படி வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பூச்சு ஓவனின் கதவில் அழியாத மையால், தமிழிலும் சிங்களத்திலும், "இதில் உணவு சமைக்கக் கூடாது" என்று எழுதுங்கள். பொழுதுபோக்குச் சலித்து அதை விற்க நினைக்கும் நாள் வரும், அப்போது விற்காதீர்கள். சூட்டிழைகளைக் கழற்றி, வயரை வெட்டி, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குக் கொடுங்கள். துடைத்து, படமெடுத்து, "கேக் செய்வதற்கு உகந்தது" என்று நீங்கள் முகநூலில் போட்டால், அதை வாங்கப்போகிற பெண்ணுக்கு அதில் முன்பு என்ன வெந்தது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள்.